ஆல்டோ லியோபோல்ட்

ஆல்டோ லியோபோல்ட் (ஜனவரி 11, 1887 - ஏப்ரல் 21, 1948) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வனவியலாளர், சூழலியலாளர், பேராசிரியர், எழுத்தாளர் ஆவார். ரேண்ட் ஆல்டோ லியோபோல்ட் என்பது இவரது முழுப்பெயர். காட்டு விலங்கு மேலாண்மை என்னும் துறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் இட்டவராக இவர் கருதப்படுகின்றார். இவரது முயற்சியால் 1924 ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோவின் கீலா பகுதி, சாலைகளும் கட்டடங்களும் அமைக்கப்படாமல் இயற்கை நிலையிலேயே காக்கப்பட வேண்டிய காடாக அறிவிக்கப்பட்டது. இவர் இறந்த பின்னர் 1949 இல் வெளிவந்த "எ சாண்ட் கவுண்டி அல்மனாக்" (மணல் மாவட்டப் பஞ்சாங்கம் என்று பொருள்படும்) என்னும் நூல், சூழல் பாதுகாப்பு பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட முக்கிய நூல்களுள் ஒன்றாகும். நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் மனிதரின் அறக்கடமைக்குள் கொண்டு வரும் "நில அறம்" என்ற கருத்து இந்நூலின் வழியாகவே பரவியது.

பிறப்பும் இளமைக்காலமும்

லியோபோல்ட் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் லியோபோல்ட் வாதுமை மரத்தால் எழுதுமேசைகள் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். தாயார் பெயர் கிளாரா ஸ்டார்க்கர். நான்கு பிள்ளைகளில் ஆல்டோவே மூத்தவர். இவரது முன்னோர் செருமனியிலிருந்து குடியேறியவர்கள் ஆதலால் வீட்டில் செருமானிய மொழி பேசப்பட்டது.

இவர்களது வீடு ஆற்றை நோக்கிய உயர்ந்த மேட்டில் அமைந்திருந்தது. வலசை போகும் வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் ஆண்டுக்கு இருமுறை அவ்வழியே சென்றன. தந்தை வேட்டையில் ஈடுபாடு கொண்டவர் எனினும், அதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் அதிகம் இல்லாத அக்காலத்திலேயே தமக்கெனச் சில வரம்புகளை வகுத்துக்கொண்டவர். அவருடன் சதுப்பு நிலங்களிலும் காடுகளிலும் அலைந்த சிறுவன், விலங்குகளின் தடங்களையும் பறவைகளின் பழக்கங்களையும் இனங்கண்டு குறித்து வைக்கக் கற்றுக்கொண்டான். குடும்பத்தினர் கோடைக்காலங்களை மிச்சிகன் மாநிலத்தில் ஹியூரான் ஏரியில் உள்ள தீவுகளில் கழித்தனர்.

கல்வி

1904 ஆம் ஆண்டு ஜனவரியில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள லாரன்ஸ்வில் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தாம் நடந்து சென்று கண்ட பறவைகளையும் செடிகளையும் பற்றியே அதிகம் எழுதினார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கிருந்த வனவியல் பள்ளியில் 1909 இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்ச்சோவின் குடும்பத்தார் அளித்த நன்கொடையால் 1900 இல் தொடங்கப்பட்ட பள்ளி இதுவாகும். காடு என்பது மக்களுக்குத் தொடர்ந்து பயன்தர வேண்டிய ஒரு வளம், அதனை அறிவியல் முறையில் கணக்கிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பதே அங்குக் கற்பிக்கப்பட்டது. லியோபோல்டின் தொடக்ககாலப் பணிகள் இக்கொள்கையை ஒட்டியே அமைந்தன.

வனச் சேவையில் பணி

1909 இல் வனச் சேவையில் சேர்ந்த லியோபோல்ட், அப்போது மாநிலத் தகுதி பெற்றிராத அரிசோனா, நியூ மெக்சிகோ ஆட்பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். அரிசோனாவின் அப்பாச்சி தேசிய வனத்தில் மரங்களைக் கணக்கெடுத்து நிலப்படம் வரையும் குழு ஒன்றின் தலைமை, 22 வயதே ஆன இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியில் அளவீட்டுப் பிழைகள் நேர்ந்தன; குழுவினரும் இவர்மீது குறை கூறினர். இது குறித்து விசாரணையும் நடைபெற்றது. அனுபவமின்மையே காரணம் எனக் கருதப்பட்டு இவர் பணியில் தொடர்ந்தார்.

1911 இல் நியூ மெக்சிகோவின் வடபகுதியிலுள்ள கார்சன் தேசிய வனத்திற்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் அதன் மேற்பார்வையாளர் ஆனார். அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சலால் அவ்வனம் பெரிதும் சீரழிந்திருந்தது. 1912 அக்டோபர் 9 ஆம் நாள் சான்டா பே நகரில் எஸ்டெல்லா பெர்கெரி என்பவரை மணந்தார்.

1913 ஏப்ரலில் மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மழையிலும் பனியிலும் சிக்கிய லியோபோல்ட், கடுமையான சிறுநீரக அழற்சிக்கு உள்ளாகி மரணத்தின் விளிம்புவரை சென்றார். ஓராண்டுக்கும் மேலாக ஓய்வில் இருக்க நேர்ந்தது. உடல்நிலை காரணமாகப் பழையபடி குதிரைமீது நெடுநாட்கள் காட்டில் சுற்றும் பணி இயலாததால், வேட்டை விலங்குகளின் பாதுகாப்பு தொடர்பான பணி இவருக்கு அளிக்கப்பட்டது. இது இவரது வாழ்வின் போக்கையே மாற்றியது. 1915 முதல் நியூ மெக்சிகோவின் பல ஊர்களில் விலங்குப் பாதுகாப்புச் சங்கங்களை உருவாக்கினார்.

1918 இல் ஆல்புகெர்க்கி வணிகர் சங்கத்தின் செயலாளராகச் சிறிது காலம் பணியாற்றினார். 1919 இல் வனச் சேவைக்குத் திரும்பி, தென்மேற்குப் பகுதியின் 20 மில்லியன் ஏக்கர் காடுகளின் நிர்வாகப் பணிகளைக் கவனித்தார். காடுகளை ஆய்வு செய்யச் சென்ற இடங்களிலெல்லாம் மண்ணரிப்பு பள்ளத்தாக்குகளை அழித்து வருவதைக் கண்டு அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காப்பது பற்றி வனப் பணியாளர்களுக்காக 1923 இல் கையேடு ஒன்றையும் தயாரித்தார்.

கீலா வனப்பகுதி

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மோட்டார் வாகனங்கள் பெருகின. தேசிய வனங்கள் எங்கும் சாலைகள் அமைக்கப்பட்டன. இந்நிலை தொடர்ந்தால் சாலையற்ற காடு ஒன்றுகூட எஞ்சாது என லியோபோல்ட் அஞ்சினார். 1921 இல் வனவியல் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெரிய காட்டையாவது சாலை, விடுதி போன்றவை இன்றி விட்டுவைக்க வேண்டும் என முன்மொழிந்தார். மரம் வெட்டுவதற்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுவதைப் போலவே, மனிதத் தலையீடு இன்றி இருப்பதும் காட்டின் ஒரு பயன்பாடே என்பது அவரது வாதம்.

இதன் விளைவாக 1924 ஜூன் 3 ஆம் நாள் கீலா தேசிய வனத்தில் ஏறத்தாழ 7,50,000 ஏக்கர் நிலம் இவ்வாறு ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் இவ்வகையில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட முதற் காடு இதுவாகும். நாற்பது ஆண்டுகள் கழித்து 1964 இல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டத்திற்கு இது முன்னோடியாக அமைந்தது. கீலா மலைகள் அப்பாச்சிப் பழங்குடியினரின் தாயகமாக இருந்தவை என்பதும், அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து அகற்றப்பட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கன. மனிதர் இல்லாத காடு என்ற கருத்து இவ்வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பது பிற்காலத்தில் எழுந்த ஒரு விமர்சனமாகும்.

ஓநாய்கள் பற்றிய கருத்து மாற்றம்

லியோபோல்டின் வாழ்க்கையில் மிகுதியாகப் பேசப்படுவது ஊனுண்ணி விலங்குகளைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தும், பின்னர் அதில் ஏற்பட்ட மாற்றமும் ஆகும். தொடக்கத்தில் ஓநாய், மலைச்சிங்கம் ஆகியவற்றை முற்றாக ஒழிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவை குறைந்தால் மான்கள் பெருகும், வேட்டைக்காரர்களுக்கு அது நன்மை என்பதே அக்காலத்தின் பொதுவான எண்ணம். 1909 இல் அரிசோனாவில் கணக்கெடுப்புப் பணியின்போது அவரும் உடன் இருந்தவர்களும் ஓநாய்களைச் சுட்டனர். 1920 வரையிலும்கூட நியூ மெக்சிகோவின் கடைசி ஓநாயும் ஒழிக்கப்படும்வரை பணி முடியாது என்ற கருத்தையே அவர் மேடைகளில் கூறி வந்தார்.

இக்கருத்து ஒரே நாளில் மாறவில்லை. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் ஊனுண்ணிகள் பெருமளவில் கொல்லப்பட்ட பின்னர் மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. செடிகொடிகளையும் மரக்கன்றுகளையும் அவை தின்று தீர்த்தன. 1920களின் நடுப்பகுதியில் பட்டினியால் பெருந்தொகையாக மடிந்தன. கைபாப் மான்களின் எண்ணிக்கை பற்றிய பழைய கணக்குகள் நம்பத்தக்கவை அல்ல என 1970 இல் ஆய்வாளர்கள் மறுத்தனர். எனினும் அங்குள்ள ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டு 2006 இல் வெளியான ஆய்வு, அக்காலத்தில் இளங்கன்றுகள் மிகக் குறைவாகவே பிழைத்தன எனக் காட்டியது.

1935 இல் லியோபோல்ட் செருமனிக்குச் சென்று மூன்று மாதங்கள் அங்குள்ள காடுகளை ஆராய்ந்தார். ஒரே வகை ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருந்த அக்காடுகளில், மிகையான மான்களால் தரைச்செடிகள் அற்றுப்போயிருந்தன. 1936, 1937 ஆம் ஆண்டுகளில் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்திலுள்ள சியரா மாட்ரே மலைகளுக்குச் சென்றார். அங்கே ஓநாய்களும் மலைச்சிங்கங்களும் இருந்தன, மான்களும் போதிய அளவில் இருந்தன, ஓடைகள் தெளிவாக ஓடின, மண்ணரிப்பு காணப்படவில்லை. எல்லைக்கு இப்பால் தாம் பணியாற்றிய மலைகளையும் இம்மலைகளையும் ஒப்பிட்ட லியோபோல்ட், நலமான நிலம் எப்படி இருக்கும் என்பதைத் தாம் அங்கேதான் முதன்முதலாகக் கண்டதாகப் பின்னர் எழுதினார்.

1944 இல், தம் மாணவரும் ஓவியருமான ஆல்பர்ட் ஹாக்பாமின் தூண்டுதலால், தாம் இளமையில் ஓநாயைக் கொன்ற நிகழ்ச்சியை ஒரு கட்டுரையாக எழுதினார். அதில் தமது பழைய எண்ணம் தவறு என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஓநாய் இல்லாத மலையில் மான் பெருகும், மான் பெருகினால் மலையின் பசுமை அழியும், பசுமை அழிந்தால் மண்ணும் மானும் அழியும் என்பது அக்கட்டுரையின் சாரம். அவர் ஓநாய் சுட்ட அதே மலைப்பகுதியில், அரிசோனா - நியூ மெக்சிகோ எல்லையில், மெக்சிகோ ஓநாய்கள் 1998 இல் மீண்டும் விடப்பட்டன.

விஸ்கான்சினில்

1924 இல் லியோபோல்ட் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தின் துணை இயக்குநராக மாற்றப்பட்டார். மரப்பொருள் ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட அவ்வேலை அவருக்கு மனநிறைவு தரவில்லை. 1928 இல் வனச் சேவையை விட்டு விலகி, வடமத்திய மாநிலங்களின் வேட்டை விலங்குகள் பற்றிய கள ஆய்வை மேற்கொண்டார். ஆய்வறிக்கை 1931 இல் வெளியானது.

1933 இல் வெளிவந்த "கேம் மேனேஜ்மென்ட்" என்ற நூல் இத்துறையின் முதற் பாடநூலாகும். கோடரி, ஏர், மாடு, நெருப்பு, துப்பாக்கி ஆகிய எக்கருவிகளால் காட்டு விலங்குகள் அழிந்தனவோ, அதே கருவிகளை அறிவுடன் பயன்படுத்தினால் அவற்றை மீட்கவும் முடியும் என்பது இந்நூலின் மையக் கருத்து. விலங்கைக் காப்பதற்கு வேட்டைத் தடை மட்டும் போதாது. உணவு, மறைவிடம், நீர் ஆகியவற்றைத் தரும் வாழிடத்தைச் சீராக்க வேண்டும் என இந்நூல் விளக்கியது. அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இவருக்காகப் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்கியது. அமெரிக்காவில் இத்துறைக்கு ஏற்பட்ட முதற் பேராசிரியர் பதவி இது. 1939 இல் தனித் துறையும் தொடங்கப்பட்டது.

தனியார் நிலத்தில்தான் பெரும்பாலான காட்டுயிர்கள் வாழ்கின்றன என்பதால் விவசாயிகளின் ஒத்துழைப்பு இன்றி எதுவும் நடவாது என லியோபோல்ட் கருதினார். மேடிசனுக்கு அருகில் ரைலி என்னும் இடத்தில் நகரத்து வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்து நடத்திய கூட்டமைப்பை உருவாக்கினார். கூன் பள்ளத்தாக்கில் 1933 இல் தொடங்கிய மண் பாதுகாப்புத் திட்டத்திற்கும் ஆலோசகராக இருந்தார். பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்தில், உழவால் அழிந்த பழைய புல்வெளியை மீண்டும் உருவாக்கும் பணியிலும் பங்கு கொண்டார். 1935 இல் வனாந்தரச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர்.

மான் விவாதம்

1940களில் விஸ்கான்சினின் வடபகுதிக் காடுகளில் வெண்வால் மான்கள் மிகவும் பெருகி, குளிர்காலங்களில் பட்டினியால் இறந்தன. இது பற்றி ஆராய அமைக்கப்பட்ட குடிமக்கள் குழுவுக்கு லியோபோல்ட் தலைமை தாங்கினார். ஆண் மான்களை மட்டுமின்றிப் பெண் மான்களையும் வேட்டையாட அனுமதித்தாலன்றிக் காடு பிழைக்காது என்பது அவர் முடிவு. 1943 இல் அவர் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு அத்தகைய வேட்டை அனுமதிக்கப்பட்டு ஒரு லட்சத்திற்கும் அதிகமான மான்கள் கொல்லப்பட்டன.

பொதுமக்களிடம் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. விடுதி உரிமையாளர்களும் வேட்டைக்காரர்களும் அவரைச் செய்தித்தாள்களில் சாடினர். மான்களை நேசித்த பலர், மானைக் காப்பதற்காகவே மானைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஆணையம் பின்வாங்கியது. லியோபோல்ட் சிறுபான்மையாகவே நின்றார். அறிவியல் உண்மையைக் கண்டறிவதைவிட அதனை மக்கள் ஏற்கச் செய்வது கடினம் என்பதை இவ்விவாதம் அவருக்கு உணர்த்தியது. நிலத்தைப் பற்றிய அறிவு பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் எல்லாருக்கும் பொதுக் கல்வியாகத் தரப்பட வேண்டும் என அவர் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பண்ணைக் குடில்

1935 இல் லியோபோல்ட், பராபூ நகருக்கு அருகே விஸ்கான்சின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட 80 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார். மணற்பாங்கான அந்நிலம் தொடர்ந்து பயிரிடப்பட்டு வளமிழந்திருந்தது. பண்ணைவீடு எரிந்துபோயிருந்தது, எஞ்சியிருந்தது ஒரு கோழிக்கொட்டில் மட்டுமே. குடும்பத்தினர் அதனைச் சுத்தம் செய்து தங்கும் குடிலாக மாற்றினர்.

ஒவ்வோர் ஆண்டும் வசந்தகாலத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பைன் மரக்கன்றுகளை நட்டனர். வறட்சியால் தொடக்க ஆண்டுகளில் நட்டவற்றுள் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஆயினும் நடுவதை நிறுத்தவில்லை. 1948 வரை நடப்பட்ட மரங்கள் பல்லாயிரக்கணக்கானவை.

லியோபோல்ட் அங்கே காட்டைக் கவனிப்பதையே முதற்பணியாகக் கொண்டார். விடியுமுன் எழுந்து, எப்பறவை எந்நேரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் பாடத் தொடங்குகிறது என்று குறித்து வந்தார். முதற் பூ மலர்வது, பறவைகள் திரும்பி வருவது, ஆற்றுப் பனிக்கட்டி உடைவது ஆகியவற்றின் நாட்களை ஆண்டுதோறும் பதிவு செய்தார். பத்து ஆண்டுகளில் சிக்கடீ என்னும் சிறு பறவைகள் 97 ஐப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டனர். அவற்றுள் 67 பறவைகள் ஒரு குளிர்காலத்திற்குப் பின் காணப்படவில்லை. ஐந்து குளிர்காலங்களைத் தாண்டியது ஒன்றே ஒன்று.

மரங்களுக்கு வரும் நோய்களும் அவருக்குப் பாடமாக அமைந்தன. பூஞ்சையால் உள்ளீடற்றுப் போன மரங்கள் ரக்கூன்களுக்கும் தேனீக்களுக்கும் ஆந்தைகளுக்கும் இடம் தருவதையும், பட்ட மரத்தின் பூச்சிகள் குளிர்காலத்தில் சிறு பறவைகளுக்கு உணவாவதையும் கண்டார். பட்ட மரங்களையும் நோயுற்ற மரங்களையும் முழுவதும் அகற்றிவிட்டால் காடு தூய்மையாக இருக்கும், ஆனால் உயிர்கள் இரா என்பது அவர் கண்ட முடிவு. இவ்வனுபவங்களே அவரது நூலுக்கு மூலப்பொருளாயின.

நில அறம்

மனிதரின் அறக்கடமை முதலில் தனி மனிதருக்கிடையிலும், பின்னர் மனிதருக்கும் சமூகத்திற்கும் இடையிலும் விரிந்தது. அடுத்து அது மண், நீர், தாவரம், விலங்கு ஆகியவற்றையும் உள்ளடக்க வேண்டும் என லியோபோல்ட் வாதிட்டார். மனிதன் நிலத்தை வென்றவன் அல்லன், அச்சமூகத்தின் ஓர் உறுப்பினனே என்பது இதன் அடிப்படை. பணமதிப்பு இல்லாத உயிரினங்களே மிகுதி என்பதால், ஆதாயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட பாதுகாப்பு தோல்வியுறும் என்றும், எல்லாப் பொறுப்பையும் அரசிடம் விட்டுவிடாமல் நில உடைமையாளர்கள் தாமே ஏற்க வேண்டும் என்றும் அவர் கூறினார்.

இக்கொள்கைக்கு எதிர்ப்பும் உண்டு. முழுமையின் நலனுக்காகத் தனி உயிரின் உரிமையைப் பலியிடுவதாக விலங்குரிமைச் சிந்தனையாளர் டாம் ரீகன் குறை கூறினார். பேயர்ட் காலிக்காட் போன்ற மெய்யியலாளர்கள் இதற்கு மறுமொழி கூறி நில அறத்தை விரித்துரைத்தனர்.

மறைவு

லியோபோல்டின் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பகங்கள் சில ஏற்க மறுத்தன. 1948 ஏப்ரல் 14 ஆம் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட ஒப்புக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21 ஆம் நாள், பண்ணைக்கு அருகில் அயலவர் நிலத்தில் பற்றிய தீ புல்வெளியில் பரவியது. மனைவியும் இளைய மகளும் உடனிருக்க, அதனை அணைக்கச் சென்ற லியோபோல்ட் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. பிறந்த ஊரான பர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டார்.

கையெழுத்துப் படியை மகன் லூனா சீர்செய்து 1949 இல் வெளிவரச் செய்தார். முதலில் மெதுவாகவே விற்ற இந்நூல், சூழல் இயக்கம் வலுப்பெற்ற 1970களில் மலிவுப் பதிப்பாக வந்தபோது பரவலாக வாசிக்கப்பட்டது. இதுவரை இருபது லட்சத்திற்கும் அதிகமான படிகள் விற்றுள்ளன.

குடும்பமும் நினைவும்

லியோபோல்டின் பிள்ளைகள் ஐவரும் இயற்கை சார்ந்த துறைகளிலேயே ஈடுபட்டனர். ஸ்டார்க்கர் விலங்கியலாளராகவும், லூனா ஆறுகளை ஆராய்ந்த நீரியலாளராகவும், கார்ல் தாவர உடலியலாளராகவும், எஸ்டெல்லா தொல்தாவரவியலாளராகவும் விளங்கினர். இவர்களுள் ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா ஆகிய மூவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களாகத் தேர்வு பெற்றனர். மகள் நீனா, தந்தை தொடங்கிய பருவக் குறிப்புகளைப் பண்ணையில் தொடர்ந்தார். இருவரின் பதிவுகளையும் ஒப்பிட்டு 1999 இல் வெளியான ஆய்வு, வசந்தகால நிகழ்வுகள் பல முன்னதாகவே நிகழத் தொடங்கியுள்ளதைக் காட்டியது. காலநிலை மாற்றத்திற்கு இது ஒரு சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

* 1980 - கீலாவை அடுத்துள்ள காடு ஆல்டோ லியோபோல்ட் வனாந்தரம் எனப் பெயர் பெற்றது.
* 1982 - பிள்ளைகள் ஐவரும் சேர்ந்து ஆல்டோ லியோபோல்ட் அறக்கட்டளையை நிறுவினர்.
* 2007 - குடும்பத்தினர் நட்ட பைன் மரங்களைக் கொண்டு பண்ணைக்கு அருகில் லியோபோல்ட் மையம் கட்டப்பட்டது. நெருங்கி வளர்ந்த மரங்களைக் களைந்தபோது கிடைத்த மரமே இதற்குப் பயன்படுத்தப்பட்டது.
* 2009 - பண்ணையும் குடிலும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.